அணைப்பதன்று, தாழ்த்துவது

தியானப் பகுதி: யாத்திராகமம் 34:29–35, மத்தேயு 5:14–16, பிலிப்பியர் 2:3–8

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,



தொண்டியில் வாழும் நமக்கு நெடுஞ்சாலை வீட்டு வாசலைப் போன்றது. கொச்சியில் புறப்பட்டு, மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை ஆகிய ஊர்களைக் கடந்து வருகிற 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம்முடைய ஊரில்தான் கடலைக் கண்டு நிற்கிறது. வடக்கே மீமிசல் பக்கமிருந்து வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையோ நம்மைத் தொட்டு, நம்புதாளை, தேவிபட்டினம் வழியாக இராமநாதபுரத்தை நோக்கிச் செல்கிறது. பகல் வேளையில் இச்சாலைகள் நமக்குத் தரும் நன்மைகள் பல. இரவு வேளையில் அவை நம்மிடம் கேட்கும் பொறுப்பு ஒன்று உண்டு. அதைக் குறித்தே இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

இரவில் இச்சாலையின் ஓரத்தில் நடப்பவர்கள் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் கரைக்குச் செல்லும் மீனவர்கள், மீன் கூடையோடு பேருந்துக்குக் காத்திருக்கும் தாய்மார்கள், அதிகாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் நோக்கி நடக்கும் பெரியவர்கள், வேளாங்கண்ணிக்கும் ஓரியூருக்கும் இராமேஸ்வரத்துக்கும் பாதயாத்திரையாகப் போகிறவர்கள், பின்விளக்கில்லாத சைக்கிளில் வேலை முடித்து வீடு திரும்புகிறவர்கள். இவர்களில் பெரும்பாலோர் கையில் விளக்கு இல்லை. எதிரே வருகிற வாகனத்தின் வெளிச்சமே அவர்களுக்கு வழியைக் காட்டவும் கூடும், அவர்கள் கண்ணை மறைக்கவும் கூடும்.

மாலை ஜெபக்கூட்டங்களை முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்பும் எனக்கும் இந்த அனுபவம் புதிதன்று. தூரத்தில் இரண்டு விளக்குகள் தோன்றும். அவை நெருங்க நெருங்கச் சாலை மறையும், ஓரத்துப் புளியமரம் மறையும், வெண்கோடு மறையும், முடிவில் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாது. வாகனம் கடந்து சென்ற பின்பும் சில விநாடிகள் இருள் மட்டுமே இருக்கும். வயது கூடக் கூட அந்த விநாடிகளும் கூடும். கண்புரை உள்ளவர்களுக்கு வேதனை இன்னும் அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் ஓடுகிறது. மூன்று விநாடி கண் தெரியாவிட்டால், 50 மீட்டர் தூரத்தை அந்த ஓட்டுநர் குருடராகவே கடக்கிறார். அந்த 50 மீட்டருக்குள் யார் நடந்து கொண்டிருக்கிறார் என்பதே கேள்வி.

இது இன்று தோன்றிய இடர் அன்று. மோட்டார் வாகனத்தின் இளமைக் காலத்திலேயே இது தோன்றிவிட்டது. தொடக்கத்தில் கார்களுக்கென்று தனி விளக்கு இல்லை. குதிரை வண்டியில் தொங்கிய எண்ணெய் விளக்குகளையே அவற்றிலும் மாட்டினார்கள். அதன்பின் அசிட்டிலீன் விளக்கு வந்தது. மாம்பழத்தைப் பழுக்க வைக்கச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று நாம் கேள்விப்படுகிற அதே கார்பைடு கல்லின்மேல் நீர் சொட்டுச் சொட்டாக விழ, அதிலிருந்து எழும் வாயு எரிந்து ஒளி தந்தது. காற்றுக்கும் மழைக்கும் எளிதில் அணையாத சுடர் அது. பின்னர் மின்விளக்கு வந்தது. 1912-இல் காடிலாக் நிறுவனம் மின்சாரத்தால் இயங்கும் ஸ்டார்ட்டரையும் விளக்குகளையும் ஒரே அமைப்பாகத் தன் கார்களில் பொருத்தியபின், மின்விளக்கு விரைவாகப் பரவியது.

ஒவ்வொரு படியிலும் மனிதன் நாடியது ஒன்றே: இன்னும் அதிக வெளிச்சம், இன்னும் அதிகத் தூரம். அது தவறான ஆசையன்று. இருளில் வேகமாகச் செல்கிறவனுக்குத் தூரத்துப் பார்வை வேண்டும். ஆனால் வெளிச்சம் பெருகியபோது ஒரு புதுமையான துன்பமும் உடன் பிறந்தது. ஒருவனுக்குப் பார்வை தந்த விளக்கே எதிரே வந்தவனின் பார்வையைப் பறித்தது.

இதற்கு எளிய தீர்வு, விளக்கை மங்கச் செய்வது அல்லது அணைத்துவிடுவது. ஆனால் அணைத்தால் எதிரே வருகிறவன் தப்பினாலும் தான் குருடனாக வேண்டும்; சாலையோரத்தில் நடப்பவனோ இருவர் பார்வையிலிருந்தும் மறைந்துபோவான். ஆகவே பொறியாளர்கள் வேறொரு வழியைத் தேடினார்கள். ஒளியைக் குறைப்பதை விட்டு, அதன் திசையை மாற்றினார்கள். கண்மட்டத்தில் பாயும் கதிரைத் தரையை நோக்கித் திருப்பினால், ஓட்டுநருக்குச் சாலை தெரியும். எதிரே வருபவரின் கண்ணும் காக்கப்படும்.

1915-இல் அமெரிக்காவின் கைடு லாம்ப் நிறுவனம் இப்படித் தாழ்த்தக்கூடிய முகப்பு விளக்கை அறிமுகப்படுத்தியது. அக்காலத்து அமைப்புகள் பலவற்றில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இறங்கி, விளக்கைக் கையால் தாழ்த்த வேண்டியிருந்தது. எதிரே யாரோ வருகிறார் என்பதற்காக நடுவழியில் இறங்கி விளக்கைக் குனிய வைக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருந்திருக்கும்? 1917-இல் காடிலாக் கார்களில், இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு நெம்புகோலால் ஒளியைத் தாழ்த்தும் வசதி வந்தது. 1920-களில் இங்கிலாந்தில், கார்களுக்கு உடல்பகுதி கட்டித் தந்த பார்க்கர் நிறுவனத்தின் அமைப்பில், ஓட்டுநர் ஒரு பிடியை அசைத்தால் முன்னாலிருந்த விளக்குகளே தலை குனிந்தன.

பின்பு 1920-களின் நடுவில், ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளை வைக்கும் முறை வந்தது. ஜெர்மனியில் ஆஸ்ராம் நிறுவனம் உருவாக்கிய அந்தப் பல்புக்குப் பைலக்ஸ் என்று பெயர். ஓர் இழை, பின்னாலிருக்கும் வளைந்த கண்ணாடியின் குவிமையத்தில் இருந்து ஒளியைத் தூரத்துக்கு அனுப்பும். மற்றொன்று சற்று முன்னே இருக்கும். அதன்கீழ் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம் கீழ்நோக்கிச் செல்லும் ஒளியைத் தடுப்பதால், மேல்பாதிக் கண்ணாடியில் மட்டுமே ஒளி பட்டுத் தரையை நோக்கித் திரும்பும். 1927-ஐ ஒட்டிக் காலால் மிதித்து மாற்றும் சுவிட்ச் வந்தது. நம்மில் மூத்தவர்கள் பழைய அம்பாசடர் காரில் கிளட்ச் பக்கத்தில் தரையில் இருந்த அந்தக் குமிழை நினைவில் வைத்திருப்பீர்கள். 1957-இல் ஐரோப்பாவில் இன்னொரு முன்னேற்றம் ஏற்பட்டது. தாழ்த்திய ஒளி இரு பக்கமும் ஒரே அளவாய் விழாமல், எதிரே வாகனம் வரும் பக்கம் குறுகியும், தன் பக்கத்துச் சாலையோரம் நீண்டும் விழுமாறு அமைத்தார்கள். இடப்புறம் செல்லும் நம் நாட்டில், அந்த நீண்ட ஒளி இடது ஓரத்தில் விழுகிறது. அதாவது, நடந்து செல்கிறவனும் சைக்கிளில் செல்கிறவனும் இருக்கும் ஓரத்தில்.

பிரியமானவர்களே, இந்தச் சிறு வரலாற்றில் நான் கண்ட பாடம் இதுவே: பிறர்பொருட்டு நம் வெளிச்சத்தை அணைக்கும்படி தேவன் நம்மைக் கேட்கவில்லை, தாழ்த்தும்படி கேட்கிறார்.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர், விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடி வைப்பவர் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டித் தம்முடைய சீஷரை வெளிச்சமாய் விளங்கச் சொன்னார். இந்தப் பகுதியை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். ஆனால் அதே இடத்தில் அவர் சொன்ன மற்றொன்றையும் கவனியுங்கள். விளக்குத்தண்டின்மேல் வைத்த விளக்கு எதற்காக? வீட்டிலுள்ளவர்களுக்கு வெளிச்சம் தருவதற்காக. விளக்கை எல்லாரும் வியந்து பார்ப்பதற்காக அன்று. வீட்டிலுள்ளவர்கள் அந்த வெளிச்சத்தில் தங்கள் வேலையைப் பார்ப்பதற்காக. கண்ணைக் கூசவைக்கும் விளக்கின்முன் ஒருவராலும் வேலை செய்ய முடியாது. முகத்தைத் திருப்பிக் கொள்ளவே தோன்றும்.

கலங்கரை விளக்கத்தைச் சபைக்கு உவமையாக நாம் அடிக்கடி சொல்கிறோம். பாம்பன் கலங்கரை விளக்கத்தை அறிந்த நமக்கு அது எளிதில் விளங்கும் உவமையும்கூட. ஆனால் கலங்கரை விளக்கம் ஓரிடத்தில் உயர்ந்து நிற்பது. அதன் ஒளி, தூரத்தில் கடலில் இருப்பவனுக்கு உரியது. நம்முடைய அன்றாட வாழ்க்கையோ பெரும்பாலும் வாகன விளக்கைப் போன்றது. நாம் நகர்கிறோம், மனிதரின் அருகில் செல்கிறோம், அவர்களும் தங்கள் வழியில் நம்மை நோக்கி வருகிறார்கள். தூரத்தில் இருப்பவனுக்கு நன்மை செய்யும் உயர்ந்த ஒளி, அருகில் வருகிறவனுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஒளி ஒன்றே, தூரம் மாறும்போது கடமையும் மாறுகிறது.

இதற்கு வேதம் தரும் மிகச் சிறந்த சாட்சி மோசே. சீனாய் மலையில் தேவனோடு பேசிவிட்டு, சாட்சிப் பலகைகளைக் கையில் ஏந்தி அவர் இறங்கி வந்தபோது, அவர் முகம் பிரகாசித்தது. ஆரோனும் ஜனங்களும் அதைக் கண்டு அருகில் வரவே பயந்தார்கள். இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, தம்முடைய முகம் பிரகாசிப்பதை மோசே அறியாதிருந்தார். வாகனத்தை ஓட்டுகிறவனும் அப்படியே. தன் விளக்கின் கூச்சம் தன் கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிரே வருகிறவர் தம் விளக்கை அணைத்து அணைத்து எரியச் செய்து காட்டினால்தான் தெரியும். நம்முடைய அறிவோ, பக்தியோ, குரலோ பிறருக்கு எப்படிப் படுகிறது என்பதை நாமாக அறிய மாட்டோம். ஒருவர் நம்மைவிட்டு விலகி நிற்பதைக் கண்டே அறிய வேண்டும்.

இரண்டாவது, மோசே அந்த ஒளியைத் துறக்கவில்லை. ஜனங்களோடு பேசும்போது முகத்தில் முக்காடு போட்டுக்கொண்டார். கர்த்தருடைய சந்நிதியில் பிரவேசிக்கும்போதோ அந்த முக்காட்டை எடுத்துவிட்டார். அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இந்த முக்காட்டை வேறொரு கருத்துக்காக எடுத்து விளக்குகிறார் என்பதை அறிவேன். அந்தப் போதனை அதற்குரிய இடத்தில் நிலைத்திருக்கட்டும். யாத்திராகமத்தின் நிகழ்ச்சியில் நான் காண்பது ஒரு மேய்ப்பனின் கரிசனை. பயந்து நின்றவர்களைத் தம்மிடம் அழைத்துப் பேசுவதற்காக மோசே தம் ஒளியை மறைத்தார். கர்த்தருக்கு முன்பாக முழு வெளிச்சம். மனிதருக்கு முன்பாக அவர்கள் தாங்கத்தக்க வெளிச்சம். நம்மில் பலர் இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம். மனிதருக்கு முன்பாகப் பக்தியின் விளக்கை உச்சத்தில் எரியவிட்டு, தனி ஜெபத்தில் மங்கிப்போகிறோம்.

அன்பானவர்களே, இதை நம்முடைய ஊரின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்போம். தொண்டியில் நாம் சிறுபான்மையினர். நமக்கு இடப்புறத்து வீட்டில் ஓர் இஸ்லாமியக் குடும்பம். வலப்புறத்து வீட்டில் ஓர் இந்துக் குடும்பம். ஒருவர் வீட்டுத் திருமணத்திலும் துக்கத்திலும் மற்றவர் நிற்கும் ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் இரண்டு சோதனைகள் நம்முன் இருக்கின்றன. ஒன்று, வம்பு வேண்டாமென்று விளக்கை முற்றிலும் அணைத்துவிடுவது: கிறிஸ்துவைக் குறித்து வாயைத் திறவாமல், ஞாயிறு காலையோடு விசுவாசத்தை மூடிவைப்பது. மற்றொன்று, சாட்சி என்ற பெயரில் அயலாரின் கண்ணுக்கு நேராக ஒளியைப் பாய்ச்சுவது: அவர்கள் மதித்துப் போற்றுவதைப் பரிகசிப்பது, ஒலிபெருக்கியின் ஓசையை வைராக்கியத்தின் அளவுகோலாக்குவது, உரையாடலை வழக்காட்டாக மாற்றுவது. முதலாவதில் அயலானுக்கு வெளிச்சமே கிடைப்பதில்லை. இரண்டாவதில் வெளிச்சம் கிடைத்தும் அவனால் பார்க்க முடிவதில்லை. முடிவில் இரண்டும் ஒன்றே.

தாழ்த்திய வெளிச்சம் எப்படிப்பட்டது? அது காலடியில் விழும் வெளிச்சம். சங்கீதக்காரன் தேவ வசனத்தைத் தன் கால்களுக்கு உரிய விளக்காகக் கண்டான் என்பதை நினைவுகூருங்கள். அயலானின் காலடியில் ஒளி விழச் செய்வதென்றால், அவன் இன்று எடுத்துவைக்க வேண்டிய அடுத்த அடிக்கு உதவுவதாகும். மருத்துவமனைக்கு உடன் செல்வது, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது, கடனைக் குறித்து மரியாதையாகப் பேசுவது, கேட்கும்போது நம் நம்பிக்கையின் காரணத்தைச் சாந்தமாய்ச் சொல்வது. இவற்றில் ஒளி குறைவுபடவில்லை. அது விழும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

துக்க வீட்டிலும் இதையே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடலுக்குச் சென்றவர் திரும்பாத வீட்டில் நாம் என்ன பேசுகிறோம்? தேவனுடைய சித்தம், நித்திய ஜீவன், உயிர்த்தெழுதல் ஆகிய அனைத்தும் சத்தியமே. அவற்றில் ஓர் எழுத்தையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அன்று காலை அந்த வீட்டிலுள்ள தாய்க்கு வேண்டிய வெளிச்சம், அடுத்த ஒரு மணி நேரத்தைக் கடப்பதற்கானது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் துக்கம் மிகக் கொடியது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களே. அதன்பின் தங்கள் இறையியலை உச்ச ஒளியில் எரியவிட்டார்கள். யோபுவின் துயரம் பெருகியது. முடிவில் கர்த்தரே அவர்களைக் கடிந்துகொண்டார்.

இனி ஒரு கடினமான கேள்வி. எதிரே வருகிறவர் தம்முடைய விளக்கைத் தாழ்த்தாவிட்டால் என்ன செய்வது? சாலையில் நாம் அன்றாடம் காண்பது என்ன? ஒருவர் தாழ்த்தாவிட்டால் மற்றவரும் கோபத்தோடு தம் விளக்கை உயர்த்துகிறார். இப்போது ஒரு குருடருக்குப் பதிலாக இருவர் குருடர். நடுவில் நடந்து செல்கிறவனோ இருவர் கண்ணிலும் படமாட்டான். பழிவாங்கும் வெளிச்சம் ஒருவருக்கும் வழிகாட்டியதில்லை. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் நமக்குச் சொல்வது இது: வேகத்தைக் குறை, எதிரே வரும் ஒளியை உற்றுப் பார்க்காதே, சாலையின் இடது ஓரத்தைப் பார்த்துச் செல். தீமையை நன்மையினால் மேற்கொள்ளும்படி பவுல் ரோமருக்கு எழுதிய போதனைக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை. குடும்பத்தில் ஒருவர் குரலை உயர்த்தும்போது நாம் என்ன செய்கிறோம்? சபைக் கூட்டத்தில் ஒருவர் கடுஞ்சொல் பேசும்போது நாம் எதை உயர்த்துகிறோம்? அந்த வேளையில் நடுவில் நடந்துகொண்டிருக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

விளக்கின் வரலாற்றிலிருந்து இன்னொரு குறிப்பையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் ஜோசப் லூக்காஸ் என்பவர் தெருத்தெருவாக மண்ணெண்ணெய் விற்றுத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் விளக்குகளையே செய்யலானார். சைக்கிளுக்காக அவர் செய்த விளக்குக்குச் "சாலையின் ராஜா" என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவருடைய நிறுவனத்தின் மோட்டார் விளக்குகளும் அப்பெயரைத் தாங்கின. அந்த லூக்காஸ் நிறுவனமும், மதுரையில் வேரூன்றி வளர்ந்த டி.வி.எஸ். நிறுவனமும் சேர்ந்து 1961-இல் தொடங்கியதே சென்னை பாடியிலுள்ள லூக்காஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை. நம்முடைய சாலைகளில் ஓடும் வாகனங்கள் பலவற்றின் மின்கருவிகள் அவ்வழி வந்தவை. சாலையின் ராஜா என்ற பெயரைத் தாங்கிய நிறுவனமே பிற்காலத்தில், எதிரே ஒருவர் வரும்போது ஒரு விளக்கு அணைய, மற்றொன்று குனியும் அமைப்பையும் செய்து விற்றது. ராஜாவும் வழியில் குனிய வேண்டியிருந்தது.

மெய்யான ராஜாவைக் குறித்து நான் உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் காட்டும் கிறிஸ்து, தேவனுடைய ரூபமாயிருந்தும் அந்த மேன்மையைப் பற்றிக்கொண்டிராமல், அடிமையின் ரூபமெடுத்து, சிலுவைமட்டும் தம்மைத் தாழ்த்தினவர். அவருடைய மகிமை அணைந்துபோகவில்லை. மறுரூப மலையில் ஒரு கணம் அது முழுதாய் வெளிப்பட்டபோது, சீஷர் மூவரும் முகங்குப்புற விழுந்தார்கள். அவர் அவர்களை அந்நிலையில் விட்டுவிடவில்லை. அருகில் வந்து, தொட்டு, பயப்படாதிருக்கச் சொன்னார். அவர்கள் கண்களை ஏறெடுத்தபோது, கண் கூசாமல் பார்க்கத்தக்க இயேசு ஒருவரே அங்கே நின்றார். அவர் கலிலேயாவின் புழுதியில் நடந்ததும், மீனவரோடு படகில் அமர்ந்ததும், குஷ்டரோகியைத் தொட்டதும், மகிமையின் குறைவினால் அன்று. நம்முடைய கண்ணின் பலவீனத்தை அவர் அறிந்ததினால். அந்த மகிமையை அவர் நம் காலடிக்குத் தாழ்த்தியதால்தான், அதன் ஒளியில் நடக்க நம்மால் முடிகிறது.

இப்போது சட்டத்தைக் குறித்து ஒரு சொல். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், முகப்பு விளக்கு ஒளியைத் தாழ்த்துவது குறித்த விதி ஒன்று உண்டு. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் மனிதருக்குக் கூச்சம் உண்டாகாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் விரும்பும்போது அப்படித் தாழ்த்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இதில் என்னைத் தொட்டது, அவ்விதி எதிரே வரும் ஓட்டுநரை மட்டும் மனத்தில் கொள்ளவில்லை என்பதே. அது காக்க நினைப்பது எந்த மனிதரின் கண்ணையும். 1.5 மீட்டர் உயரம் என்பது ஏறத்தாழ நம் தாய்மார்களின் கண்மட்டம்.

1952-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், எதிரே வரும் வாகனத்தின் ஒளியை உணர்ந்து தானாகவே விளக்கைத் தாழ்த்தும் ஒரு மின்கண்ணை வெளியிட்டது. இன்று அதன் வழித்தோன்றல்கள் பல கார்களில் இருக்கின்றன. ஆனால் அந்த முதல் மின்கண்ணுக்கு ஒரு குறை இருந்தது. அது வெளிச்சத்தை மட்டுமே அறியும். விளக்கோடு வருகிற வாகனத்துக்காகத் தாழும். விளக்கில்லாமல் நடந்து வருகிற ஏழைக்காகத் தாழாது. நம்முடைய மரியாதையும் அப்படிப்பட்டதோ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். செல்வமோ பதவியோ உள்ளவர் எதிரே வந்தால் நம் குரல் தானாகத் தாழ்கிறது. மீன் கூடையோடு வரும் பாட்டியிடம், வீட்டில் பாத்திரம் துலக்குகிறவரிடம், பெட்ரோல் நிரப்பும் தம்பியிடம் அது தாழ்கிறதா? கையில் விளக்கில்லாதவருக்காகத் தாழும் வெளிச்சமே கிறிஸ்துவின் வெளிச்சம். நல்ல சமாரியனின் உவமையிலும் அடிபட்டவன் கிடந்தது சாலையின் ஓரத்தில்தான்.

மற்றொரு நடைமுறைச் செய்தியோடு முடிக்கிறேன். வண்டியின் பின்பக்கத்தில் சுமை அதிகமானால் முன்பக்கம் உயரும். அப்போது தாழ்த்திய விளக்கும் எதிரே வருகிறவரின் கண்ணில் படும். ஓட்டுநரோ, தான் தாழ்த்திவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருப்பார். நம் வாழ்க்கையிலும் பட்டம், பதவி, நெடுங்கால ஊழிய அனுபவம் ஆகியவை பின்னால் ஏறும் சுமைகள். அவை ஏற ஏற, நாம் பணிவாகப் பேசுவதாக எண்ணும் பேச்சும் பிறர் கண்ணைக் கூசவைக்கும். ஆகவே அவ்வப்போது விளக்கின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஊழியரான எனக்கும் இது பொருந்தும்.

இவ்வாரத்தில் மூன்று செயல்களைச் செய்வோம்.

முதலாவது, உங்கள் வாகனத்தின் முகப்பு விளக்கை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிக் கோணத்தைச் சரிசெய்யுங்கள். இரவில் எதிரே வாகனம் வந்தாலும், விளக்கின்றி ஒருவர் நடந்து வந்தாலும் டிம் செய்யுங்கள். இதையும் பிறனிடத்தில் அன்புகூரும் கற்பனைக்குக் கீழ்ப்படிதலாகவே எண்ணிச் செய்யுங்கள். வாகனம் ஓட்டும் நம் வாலிபர்களுக்குப் பெற்றோரே இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது, உங்கள் வெளிச்சத்தால் விலகி நிற்கும் ஒருவரை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவர் மகனாகவோ, மருமகளாகவோ, அயலாராகவோ இருக்கலாம். இவ்வாரம் அவருக்கு அறிவுரை எதுவும் கூறாமல், அவருடைய அடுத்த அடிக்கு உதவும் ஒரு காரியத்தைச் செய்யுங்கள்.

மூன்றாவது, தினமும் கால் மணி நேரம் கதவைப் பூட்டி ஜெபியுங்கள். அங்கே முக்காடு வேண்டியதில்லை. அங்கே உங்கள் விளக்கு முழு வெளிச்சத்தோடு எரியட்டும்.

ஜெபம்: மகிமையின் ராஜாவே, எங்கள் கண்களின் பலவீனத்தை அறிந்து உம்மைத் தாழ்த்தினீரே, உமக்கு ஸ்தோத்திரம். நீர் எங்களுக்குத் தந்த வெளிச்சத்தை அஞ்சி அணைத்துவிடாமலும், பெருமையால் பிறர் கண்ணில் பாய்ச்சாமலும் எங்களைக் காத்தருளும். இந்த இரவிலும் எங்கள் சாலைகளில் செல்லும் ஓட்டுநர்களையும், ஓரத்தில் விளக்கின்றி நடக்கும் ஒவ்வொருவரையும், கரைக்குச் செல்லும் எங்கள் சகோதரரையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவர்களைப் பத்திரமாய் வீடு சேர்த்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.